அச்சு முதல் தாங்குகரம் வரை: காட்டுவண்டியின் சக்கரம் நேர்நிற்கும் முறை

தமிழ் இலக்கியம் பயின்றோர்க்கு வண்டியின் அச்சு புதியதன்று. மேடும் பள்ளமும் எதிர்ப்படும் என்று கருதிய உமணர், உப்பு வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர். அச்செய்தியைப் புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் உவமையாக்குகிறார். பெருந்தேரைக் காப்பது சிறிய அச்சாணியே என்பதை வள்ளுவர் வினைத்திட்பத்திலும், மயிற்பீலியும் அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதை வலியறிதலிலும் சுட்டுகிறார். ஓடும் வழியில் எது முறியும், முறியாமற் காப்பது எங்ஙனம் என்னும் கேள்வி நம் முன்னோர் நெஞ்சில் இருந்ததற்கு இவை சான்றாகும்.

அக்கேள்வி இன்றும் மாறவில்லை. அச்சு நின்ற இடத்தில் வேறோர் உறுப்பு வந்து நிற்கிறது, அவ்வளவே. பட்டறைகளில் 'ஆர்ம்' எனப்படும் அவ்வுறுப்பைத் தாங்குகரம் எனலாம். ஒரு நுனியால் வண்டியின் அடிச்சட்டத்தைப் பற்றி, மறு நுனியால் சக்கரத்தைப் பிடித்து, சக்கரம் மேலுங்கீழும் ஆட இடங்கொடுத்து, வேறெவ்வாறும் அசையவிடாது காப்பது அது. வீட்டுப் பட்டறையில் ஒரு காட்டுவண்டியை, அதாவது 'பக்கி' என வழங்கும் வண்டியைச் செய்யப் புகும் இளைஞர், எஞ்சினைப் பற்றிப் பேசும் பேச்சில் பத்தில் ஒரு பங்கேனும் இக்கரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. எஞ்சின் நின்றால் வண்டி நிற்கும். கரம் முறிந்தால் வண்டி கவிழும். ஆகவே இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

செனாவாங்கும் செம்மண் பாதையும்

சிரம்பானை அடுத்த செனாவாங், ரப்பர்த் தோட்டச் சூழலிலிருந்து தொழிற்பேட்டையாகவும் குடியிருப்பாகவும் வளர்ந்த ஊர். நெகிரி செம்பிலானின் தோட்டப்புறங்களில் ரப்பர் நின்ற நிலம் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. பயிர் மாறினும் பாதை மாறவில்லை. வெயிலிற் புழுதியும் மழையிற் சேறுமான செம்மண் தடமே அது. லாரிச் சக்கரம் உழுத பள்ளம், வேர் முண்டு, வடிகால் மேடு ஆகியவை அத்தடத்தில் அடுத்தடுத்து வரும். இத்தகைய தரையில்தான் தாங்குகரத்தின் உண்மை வலிமை வெளிப்படுகிறது. மலேசியாவில் 1997இல் தொடங்கிய 'ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்' என்னும் காட்டுவழிப் போட்டி, மழைக்காலச் சேற்றையே தேர்வுக்களமாகக் கொண்டது.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடல் வேண்டும். வீட்டிற் செய்த வண்டியை உரிய ஒப்புதலும் பதிவும் இன்றிப் பொதுச்சாலையில் ஓட்டுவது 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்திற்கு மாறானது. தோட்டத்துப் பாதையும் உரியவர் நிலமே. அங்கும் இசைவு பெற்றே ஓட்டல் வேண்டும்.

கரத்தின் வகைகள்

மாட்டு வண்டியின் இரு சக்கரங்களும் ஓரச்சில் நிற்பவை. இடச்சக்கரம் கல்லில் ஏறினால் அச்சு சாயும். அச்சோடு வலச்சக்கரமும் சாயும். விரைவு குறைந்த வண்டிக்கு இது பெருங்குறையன்று. விரைந்து செல்லும் ஊர்திக்கு, ஒரு சக்கரத்தின் துன்பம் மற்றதைத் தாக்காதிருத்தல் நன்று. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனிக் கரம் அமைப்பதன் நோக்கம் அதுவே. 1933இல் வெளிவந்த மெர்சிடஸ்-பென்ஸ் 380 என்னும் ஜெர்மானியக் கார், முன்சக்கரங்கட்கு மேலொன்று கீழொன்றாக இரட்டைக் கரங்களும் சுருள்வில்லும் கொண்டு வந்தது. இன்றைய காட்டுவண்டிகளிற் பல இவ்வழியையே பின்பற்றுகின்றன.

வீட்டுப் பக்கிக்கு வழிகாட்டியாக நின்றவர் கலிபோர்னியாவின் புரூஸ் மேயர்ஸ். அவர் 1964இல் கண்ணாடியிழையால் உடல் செய்து, வோக்ஸ்வாகன் பீட்டிலின் உறுப்புகளைப் பூட்டி 'மேயர்ஸ் மேங்ஸ்' வண்டியை அமைத்தார். 1967இல் முதன்முறையாக நடந்த 'மெக்சிகன் 1000' பாலைவனப் பந்தயத்தை அவ்வகை வண்டியொன்று வென்றது. பீட்டிலின் முன்கரங்கள் சக்கரத்தைப் பின்னோக்கி இழுத்துச் செல்பவை. பக்கத்துக்கு இரண்டாக, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பவை. அவற்றால் சக்கரம் ஏறி இறங்கும்போது வண்டியுடலை நோக்க அதன் சாய்வு மாறுவதில்லை. ஆயினும், வளைவில் வண்டியுடல் சாய்ந்தால் சக்கரமும் உடன் சாய்ந்துவிடும்.

இரட்டைக் கரத்தில் இக்குறையைத் தீர்க்க வழியுண்டு. மேற்கரத்தைக் கீழ்க்கரத்தினும் குட்டையாக அமைப்பர். குட்டையான கரத்தின் நுனி சிறிய வட்டத்தில் சுழல்வதால், சக்கரம் மேலேறுங்கால் அதன் தலைப்புறம் சற்று உள்நோக்கி இழுக்கப்படும். வளைவில் வண்டியுடல் வெளிப்புறம் சாயும்போது, வெளிச்சக்கரத்தின் இவ்வுட்சாய்வு அதனை ஈடுசெய்து, டயரின் முழு அகலத்தையும் தரையிற் படிய வைக்கும். இரு கரங்களின் நீளமும் அவை நிற்கும் கோணமும் இங்ஙனம் சக்கரத்தின் போக்கை முன்கூட்டியே எழுதிவிடுகின்றன.

மூன்று கோணங்கள்

சக்கரத்தின் நிலையைக் குறிக்க மூன்று அளவுகள் உள. வண்டியின் முன்னின்று நோக்கினால் சக்கரம் உள்ளோ வெளியோ சாய்ந்திருப்பது சாய்வு. பட்டறையில் 'கேம்பர்' என்பர். பக்கத்தினின்று நோக்கினால் சக்கரம் திரும்பும் அச்சின் தலைப்புறம் பின்னோக்கிச் சாய்ந்திருப்பது பின்சாய்வு. இதனைக் 'காஸ்டர்' என்பர். மேலிருந்து நோக்கினால் இரு சக்கரங்களின் முன்விளிம்புகள் நெருங்கியிருப்பது முன்னொடுக்கம், விலகியிருப்பது முன்விரிவு. இவை 'டோ-இன்', 'டோ-அவுட்' எனப்படும்.

ஒவ்வொன்றுக்கும் தனிப்பணி உண்டு. சாய்வு டயர் தரையிற் படிவதைத் தீர்மானிக்கும். பின்சாய்வு, கையைத் தளர்த்தினாலும் சக்கரம் தானே நேராகத் திரும்பும் இயல்பைத் தரும். காட்டுவண்டிகளில் இது 5 பாகை அளவில் இருப்பதுண்டு. முன்னொடுக்கம் நேரோட்டத்துக்கு உதவும். பின்சக்கரம் உந்தும் வண்டியில் முன்சக்கரங்களைத் தரை பின்னுக்குத் தள்ளுவதால் அவை விரிய முயலும். ஆதலின் நிற்கும்போதே சிறிது ஒடுக்கி வைப்பது வழக்கம்.

இங்கே ஓர் எளிய கணக்கைக் காட்டுதல் வேண்டும். மேல் மூட்டுக்கும் கீழ் மூட்டுக்கும் இடைத்தொலைவு 200 மி.மீ. என்று கொள்வோம். மேற்கரம் வேண்டிய நீளத்தினும் 3 மி.மீ. குறைந்துவிட்டது. மூன்றை இருநூறால் வகுக்க 0.015, அதனைப் பாகையாக்கினால் ஏறத்தாழ 0.86. இம்மூன்று மில்லிமீட்டர்ப் பிழை சக்கரத்தைக் கிட்டத்தட்ட ஒரு பாகை சாய்த்துவிடுகிறது. அதே 3 மி.மீ. முன்பின்னாகப் பிழைத்தால் பின்சாய்வு அதே அளவு கெடும். இடக்கரமும் வலக்கரமும் எதிரெதிராகப் பிழைத்தால் வேறுபாடு இருமடங்காகி, வண்டி ஒருபுறமாக இழுக்கத் தொடங்கும்.

சக்கரம் நேர்செய்தல் என்பது வண்டி முடிந்த பின் ஒரு மாலைப்பொழுதிற் செய்யும் சடங்கு என்று பலர் எண்ணுவர். அதன் பெரும்பகுதி, கரத்துக்குக் குழாய் அறுக்கும் நாளிலேயே முடிந்துவிடுகிறது என்பதே இக்கணக்கின் பொருள்.

கரம் செய்யும் முறை

முதலாவது பொருள். தண்ணீர்க் குழாயும் வேலிக் குழாயும் இப்பணிக்கு ஆகா. நாகப்பூச்சுக் குழாயைப் பற்றவைத்தால் எழும் புகை நஞ்சு, பற்றும் கெடும். மூட்டில்லாத எஃகுக் குழாயோ, குரோமியமும் மாலிப்டினமும் கலந்த 4130 வகை எஃகுக் குழாயோ தக்கது. குழாயின் விட்டமும் சுவர்க் கனமும் வண்டியின் எடை, கரத்தின் நீளம் ஆகியவற்றைப் பொறுத்தவை. இயந்திரவியல் அறிந்தார் ஒருவரைக் கொண்டு கணக்கிட்டே இவற்றைத் துணிதல் வேண்டும்.

இரண்டாவது பிடிசட்டம். இதனை 'ஜிக்' என்பர். வளையாத தடித்த எஃகுத் தகட்டின்மேல் மூட்டுகள் நிற்க வேண்டிய இடங்களை அளந்து குறித்து, அங்கங்கே குமிழாணிகளை நிறுத்திக்கொள்வர். கரத்தின் உறுப்புகளை அவ்வாணிகளில் மாட்டிய நிலையிலேயே பற்றவைப்பர். தட்டையான கரமாயின் இடத்துக்கும் வலத்துக்கும் ஒரே பிடிசட்டம் போதும்; ஒன்றைப் புரட்டினால் மற்றதாகும். வளைவோ மேல்நோக்கிய காதோ உடைய கரத்துக்கு எதிரொளிபோல் மாறிய மற்றொரு பிடிசட்டம் வேண்டும். கரத்தைக் கையிற் பிடித்துக் கண்ணளவில் ஒட்டவைப்பவர், முதற் கரத்தை நேராகச் செய்தாலும் இரண்டாவதை அதற்கு இணையாகச் செய்தல் அரிது.

மூன்றாவது கீல்கள். ஒரு கதவுக்கு இரு கீல்; இரண்டும் ஒரே கோட்டில் இராவிடின் கதவு இறுகும், அல்லது கீல் பெயரும். கரத்தின் உள்முனை இரண்டும் அத்தகைய கீல்களே. பற்றவைக்கும்போது இரு கீல்களின் ஊடாகவும் ஒரே நீண்ட தண்டைச் செருகி வைத்தால் அவை ஒரே கோட்டில் நிற்கும். அடிச்சட்டத்தில் காதுகளைப் பற்றவைக்கும்போதும் இதனையே செய்தல் வேண்டும்.

நான்காவது பொருத்து. குழாயின் முனையை மீன்வாய் போலக் குடைந்து, அடுத்த குழாயின் உருண்டையில் ஒட்டி உட்காரச் செய்ய வேண்டும். இடைவெளியை உலோகத்தால் நிரப்பிக்கொள்ளலாம் என்று விடுதல் தவறு. நிரப்பிய உலோகம் மிகுந்தால் குளிரும்போது சுருக்கமும் மிகும். சுருக்கம் கரத்தைக் கோணலாக்கும். முதலில் எல்லா மூட்டுகளையும் புள்ளிப்பற்று வைத்து நிறுத்தி, பின் எதிரெதிர்ப் பக்கங்களில் மாற்றி மாற்றிப் பற்றவைத்து, பிடிசட்டத்திலேயே ஆறவிட்டு, ஆறியபின் மீண்டும் அளத்தல் முறை. பற்றுத் தழும்பை அழகுக்காகத் தேய்த்து மெலிதாக்கலாகாது.

ஐந்தாவது சுருள்வில்லின் இடம். சக்கரத்துக்கும் கீலுக்கும் நடுவே, சரிபாதியில் சுருள்வில்லைக் கரத்தின்மேல் நிறுத்தினால், நெம்புகோல் விதிப்படி சக்கரத்தின் 100 கிலோ பாரம் வில்லில் 200 கிலோவாக அழுத்தும். அந்த அழுத்தம் கரத்தை நடுவே வளைக்கப் பார்க்கும். வண்டி மேட்டிலிருந்து குதித்து இறங்கும்போது இது இன்னும் பன்மடங்காகும். ஆகவே வில்லின் அடியைக் கரத்தின் வெளிமுனைக்கு இயன்றவரை அருகே கொணர்தல் நன்று. இடமின்மையால் நடுவே வைக்க நேர்ந்தால் அவ்விடத்தைத் தாங்குதகடு கொண்டு வலுப்படுத்தல் வேண்டும்.

கீலுக்குள் ரப்பர்

தோட்டப்புற வாசகர்க்கு உவப்பான செய்தி ஒன்றும் இங்குண்டு. பல வண்டிகளில் கரத்தின் கீலுக்குள் இருப்பது ரப்பர் 'புஷ்'. வெளியே ஓர் எஃகுக் குழல், உள்ளே ஓர் எஃகுக் குழல், இடையே இரண்டோடும் ஒட்டிய ரப்பர். கரம் ஆடும்போது உலோகம் உலோகத்தின்மேல் உராய்வதில்லை. ரப்பர் முறுகி மீள்கிறது. ஓயாது முறுகினும் எளிதிற் கிழியாமை, மிகச் சூடேறாமை ஆகிய பண்புகளால் இயற்கை ரப்பர் இப்பணிக்குப் பெரிதும் பயன்படுகிறது. நம்மவர் விடியுமுன் எழுந்து சீவிய மரத்தின் பால், உலகின் சாலைகளில் இங்ஙனம் சக்கரங்களைத் தாங்குகிறது.

இதனைப் பூட்டுவதில் ஒரு நுட்பம் உண்டு. சக்கரம் தொங்கிய நிலையில் கீலாணியை இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுகிய நிலைக்குச் செல்லும். அது சில திங்களிற் கிழிந்துவிடும். ஆணியைத் தளர்வாக இட்டு, வண்டியைத் தரையில் நிறுத்தி, ஓட்டுநரின் எடையையும் ஏற்றி, கரம் தன் இயல்பான நிலைக்கு வந்தபின்னரே இறுக்கல் வேண்டும். கனிம எண்ணெயும் கிரீசும் இயற்கை ரப்பரை ஊதச்செய்து கெடுக்கும், அவற்றைப் பூசலாகாது.

ரப்பருக்கு மாற்றாகப் பந்துமூட்டு முனைகளைப் பூட்டுவோரும் உளர். இவற்றின் மரையைத் திருகிக் கரத்தின் நீளத்தை மாற்றலாம். ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. நகரும் மரையாயின், மேற்சொன்ன வண்டியில் ஒரு முழுச்சுற்று ஏறத்தாழ 0.4 பாகைச் சாய்வைத் தரும். ஆனால் வேண்டிய நீளத்துக்காக மரையை வெளியே மிக இழுத்துவிடலாகாது. மரை விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கேனும், அதாவது 12 மி.மீ. மரைக்கு 18 மி.மீ. அளவேனும், உள்ளே பொருந்தியிருத்தல் நன்று. ஆணியை ஒற்றைக் காதில் நீட்டிவிடாது, இரு காதுகளுக்கு இடையே நிறுத்துதலும் இன்றியமையாதது.

நேர்செய்யும் வரிசை

கரங்கள் பூட்டப்பட்டன. இனி அளக்கலாம். தளம் மட்டமாயிருத்தல் முதல் தேவை. கொத்தனார் கையாளும் நீர்க்குழாய் மட்டமே இதற்குப் போதும். நான்கு டயர்களிலும் உரிய காற்று நிரப்பி, ஓட்டுநர் எடைக்கு ஈடான மணல் மூட்டையை இருக்கையில் வைத்து, வண்டியைச் சிலமுறை அமுக்கிவிட்டுச் சற்று முன்னே உருட்டி நிறுத்த வேண்டும். பின்னர் இட முன்சக்கர மையத்திலிருந்து வலப் பின்சக்கர மையம் வரையும், மறுபுறம் அவ்வாறே குறுக்காகவும் அளந்தால் இரண்டும் ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாவிடின் குற்றம் கரத்திலோ அடிச்சட்டத்திலோ உள்ளது. அதைத் திருகாணியால் மறைக்க முயலுதல் வீண்.

அளக்கும் வரிசை பின்சாய்வு, சாய்வு, முன்னொடுக்கம் என்பது. முன்னதை மாற்றினால் பின்னது மாறும்; ஆதலால் வரிசையைத் தலைகீழாக்கினால் செய்த வேலையை மீண்டும் செய்ய நேரும்.

சாய்வை அளக்கத் தூக்குக்குண்டு போதும். சக்கரத்தின் முன் நூலைத் தொங்கவிட்டு, வளையத்தின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் உள்ள தொலைவுகளை அளக்க வேண்டும். 300 மி.மீ. விட்டமுள்ள வளையத்தில் வேறுபாடு 5 மி.மீ. ஆனால் சாய்வு ஏறத்தாழ ஒரு பாகை.

பின்சாய்வை நேராக அளத்தல் கடினம். சக்கரத்தை நேர்நிலையிலிருந்து ஒருபுறம் 20 பாகை, மறுபுறம் 20 பாகை திருப்பி, இரு நிலையிலும் சாய்வை அளந்து, வேறுபாட்டை 1.43ஆல் பெருக்கினால் பின்சாய்வு கிடைக்கும். ஒரு நிலையில் வெளிச்சாய்வு 1.5 பாகையும் மறுநிலையில் உட்சாய்வு 2 பாகையும் எனின், வேறுபாடு 3.5; பின்சாய்வு 5 பாகை.

முன்னொடுக்கத்துக்கு, வண்டியின் நடுக்கோட்டுக்கு இணையாக இருபுறமும் நூல் கட்டி, ஒவ்வொரு சக்கரத்தின் முன்விளிம்பும் பின்விளிம்பும் நூலிலிருந்து நிற்கும் தொலைவை அளப்பர். இரு சக்கரங்களுக்கு இடையேயுள்ள தொலைவை மட்டும் அளந்தால், இரண்டும் ஒரே பக்கம் திரும்பியிருப்பது தெரியாமற் போகும்.

இறுதியாக ஒரு சோதனை. சுருள்வில்லைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை 25 மி.மீ. வீதம் மேலும் கீழும் நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் முன்னொடுக்கத்தை அளக்க வேண்டும். திருப்புத்தண்டு கரங்களோடு ஒத்த வட்டத்தில் சுழலாவிடில், சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் தானே திரும்பும். ஓட்டுநர் நேரே பிடித்திருப்பார். பள்ளம் வண்டியைத் திருப்பிவிடும். நின்ற நிலையில் எவ்வளவு செம்மையாக நேர்செய்தாலும் இக்குற்றம் புலப்படாது.

முறிவு சொல்லிக்கொண்டு வரும்

1842இல் பாரிசுக்கு அருகே, வெர்சாயிலிருந்து வந்த ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒருமுறை தாங்கிய பாரத்தை எஃகு ஏன் என்றும் தாங்குவதில்லை என்ற வினா அதன்பின் வலுப்பெற்றது. ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளைப் பல்லாண்டு ஆராய்ந்து, முறிக்கப் போதாத சிறு பாரமும் பல்லாயிரம் முறை வந்து போனால் எஃகில் வெடிப்பை விளைவிக்கும் என்று காட்டினார். இதனை உலோகக் களைப்பு என்பர். வள்ளுவரின் பீலி அளவின் மிகுதியால் அச்சை முறிப்பது. இக்களைப்பு எண்ணிக்கையின் மிகுதியால் முறிப்பது.

களைப்பு வெடிப்பு பெரும்பாலும் பற்றுத் தழும்பின் ஓரத்தில் மயிரிழையாகத் தொடங்கும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் கரத்தைக் கழுவித் துடைத்து, நல்லொளியில் நோக்குதல் வேண்டும். ஐயம் தோன்றின், ஊடுருவும் செஞ்சாயத்தைப் பூசித் துடைத்து, மேலே வெண்பொடி தூவினால், வெடிப்புள்ள இடத்தில் செங்கோடு எழும். வளைந்த கரத்தைத் தட்டி நிமிர்த்துப் பூட்டலாகாது; புதிதே செய்ய வேண்டும். பிடிசட்டம் கைவசம் இருப்பின் புதுக்கரம் அதே அளவில் பிறக்கும். உமணரின் மாற்று அச்சுக்கு இன்றைய நிகர் இப்பிடிசட்டமே.

மாணவர் இதனைக் கற்க நல்லதொரு களம் உண்டு. அமெரிக்காவின் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் 1976இல் தொடங்கிய 'பாஹா எஸ்.ஏ.இ.' போட்டியில் மாணவர் தாமே காட்டுவண்டி செய்து ஓட்டுவர். இந்தியாவில் 2007 முதல் இந்தூருக்கு அருகிலுள்ள பிதாம்பூரை மையமாகக் கொண்டு இது வளர்ந்தது. தமிழ்நாட்டுக் கல்லூரி அணிகளும் பங்குகொண்டு வந்துள்ளன. வரைபடத்தையும் செலவையும் நடுவர் ஆராய்ந்த பின்னர், நான்கு மணிநேரத் தாங்குதிறன் ஓட்டம் நடக்கும். கரத்தின் நேர்மையை வெளிப்படுத்துவது அந்நான்கு மணிநேரமே.

தமிழாசிரியர்க்கு இதிலென்ன என்று வினவலாம். இணைகோடு, வட்டம், கோணம், நெம்புகோல் ஆகியவற்றைப் பாடநூலிற் கண்டு சோர்ந்த மாணவன், தூக்குக்குண்டும் நூலும் ஏந்திச் சக்கரத்தின் முன் அமர்ந்தால் அவற்றின் பயனை உணர்வான். மீன்வாய், கீல், காது, தூக்குக்குண்டு, நீர்மட்டம் என்று இவ்வேலைக்கு வேண்டிய சொற்களிற் பல நம் கைவினைஞர் நாவில் முன்பே வாழ்பவை. அவற்றை வகுப்பறைக்குக் கொணர்வது ஆசிரியர் பணி. மூன்று மில்லிமீட்டர் ஒரு பாகையாகும் என்பதைப் பள்ளியிலே போட்டுப் பார்த்த மாணவன், பட்டறையில் 'பரவாயில்லை' என்று அளவுகோலைக் கீழே வைக்கமாட்டான். செம்மண் மேட்டிலிருந்து வண்டி குதித்திறங்கும் நொடியில் ஓட்டுபவனின் உயிரைக் காப்பது அப்பழக்கமே.